30 விநாடி ஓட்டம் தொடைத் தசைக்குள் என்ன செய்கிறது?

ஐந்து வாரமாக, வாரத்துக்கு 3 நாள், விடியற்காலையில் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் ஓடுகிறீர்கள். 30 விநாடி உயிரைக் கொடுத்து ஓட்டம், பிறகு 4 நிமிடம் மெதுநடை. இப்படி 6 சுற்று. முதல் வாரம் மாடிப்படி இறங்க முடியாதபடி தொடை வலித்திருக்கிறது. இப்போது அதே 6 சுற்றை முடித்துவிட்டுச் சாதாரணமாக அலுவலகம் போகிறீர்கள். ஆனால் தொடை பெருக்கவில்லை, பேண்ட் அதே அளவுதான். "உள்ளே நிஜமாகவே ஏதாவது மாறியிருக்கிறதா? அந்த வலி லாக்டிக் அமிலம்தானா? நல்லது என்றால் தினமும் ஓடலாமா? பொங்கலுக்கு ஊருக்குப் போய் 10 நாள் ஓடாமல் இருந்தால் பட்ட பாடெல்லாம் வீணா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் ஓடினால்தான் அது ஓட்டம் என்று நண்பர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள்.

சரி, முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். உள்ளே நிறையவே மாறியிருக்கிறது. இஞ்ச் டேப்பில் அகப்படாத மாற்றங்கள் அவை. நான் உடற்பயிற்சி உடலியங்கியல் பாடம் நடத்துகிறவன். மாலையில் கபடிப் பையன்களுக்கு உடல்தகுதிப் பயிற்சியும் கொடுக்கிறேன். அவர்களுக்கு முதல் நாள் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். தசைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. தனக்குள் எவ்வளவு பெரிய தட்டுப்பாடு வந்தது என்பதுதான் அதற்குத் தெரியும். அடுத்த முறை அந்தத் தட்டுப்பாடு வராதபடி தன்னைத் திருத்திக்கொள்ளப் பார்க்கும். உங்கள் தொடைக்குள் நடப்பது முழுக்க அந்தத் திருத்த வேலைதான்.

முதலில் அந்த 30 விநாடியைப் பார்ப்போம். ஆய்வகத்தில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. 1970களில் இஸ்ரேலின் விங்கேட் நிறுவனத்தில் உருவானதால் விங்கேட் சோதனை என்று பெயர். நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள்தான். அதன் சக்கரத்தில் உங்கள் எடையில் 7.5 சதவீதத்தைச் சுமையாக ஏற்றுவார்கள். 70 கிலோ ஆள் என்றால் 5 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. 30 விநாடி, எதையும் மிச்சம் வைக்காமல் மிதிக்க வேண்டும். நான் பலமுறை ஏறியிருக்கிறேன். முதல் 5 விநாடி சக்கரம் பறக்கும். 10ஐத் தாண்டும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போலிருக்கும். 20க்கு மேல் தொடைக்குள் தீ, கால் சொன்ன பேச்சைக் கேட்காது. திரையில் ஓடும் கோடு, தொடக்கத்தில் தொட்ட உச்சத்திலிருந்து ஏறக்குறைய பாதிக்கு இறங்கியிருக்கும். இறங்கிச் சுவரைப் பிடித்து உட்கார்ந்தால் மூச்சு அடங்கச் சில நிமிடம் ஆகும்.

அந்தக் கோடு ஏன் இறங்குகிறது? தசை சுருங்க ஏ.டி.பி. என்ற மூலக்கூறு வேண்டும். அதன் கையிருப்பு முழுவேகத்தில் 2, 3 விநாடிக்குத்தான் வரும். ஆனால் அதைத் தீர்ந்துபோகத் தசை ஒருபோதும் விடாது. செலவாகச் செலவாக உடனுக்குடன் திருப்பிச் செய்துகொண்டே இருக்க வேண்டும். முதலில் கைகொடுப்பது கிரியேட்டின் பாஸ்பேட். மிக வேகமாகத் தரும், ஆனால் 10 விநாடி போவதற்குள் பெரும்பகுதி கரைந்துவிடும். கூடவே கிளைகோஜன் உடைய ஆரம்பிக்கிறது. சோற்றிலிருந்தும் இட்லியிலிருந்தும் வந்த குளுக்கோஸைத் தசை கோத்துச் சேமித்து வைத்திருப்பதுதான் கிளைகோஜன். 30 விநாடிக்குள் தொடைத் தசையின் கிளைகோஜனில் கால் பங்கு வரைகூடப் போய்விடும். அரை நிமிடத்துக்கு இது மிகப் பெரிய செலவு. நிதானமாக ஓடுகிறவருக்கு இதே அளவு கரைய நெடுநேரம் பிடிக்கும்.

கபடியில் ஒரு ரைடு 30 விநாடிதான். எதிரணிக் களத்துக்குள் பாடிக்கொண்டே போய், தொட்டு, பிடியிலிருந்து திமிறி, கோட்டுக்கு எட்டிப் பாய வேண்டும். என் பையன்களுக்கு இந்தக் கணக்கைச் சொன்னவுடன் புரிந்துவிடும், ஏனென்றால் 25ஆவது விநாடியில் கால் எப்படி இருக்கும் என்று அவர்கள் உடம்புக்கே தெரியும்.

இப்போது உங்கள் 4 நிமிட நடைக்கு வருவோம். பலர் அதை வீண் நேரம் என்று நினைத்துக் குறைத்துவிடுகிறார்கள். கரைந்த கிரியேட்டின் பாஸ்பேட் திரும்பி வருவதற்கு ஆக்சிஜன் வேண்டும். பாதி அளவு ஒரு நிமிடத்துக்குள் திரும்பும், முழுக்கத் திரும்ப 4, 5 நிமிடம் பிடிக்கும். அந்த வேலையைச் செய்வது மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் உலைகள். ஆக, நீங்கள் நடக்கும்போது உலைகள் முழுமூச்சில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்னொன்று, சுற்று ஏற ஏற கிளைகோஜன் உடைப்பு மந்தமாகும், ஆக்சிஜன் வழியாக வரும் பங்கு கூடும். 6ஆவது சுற்றில் உங்களை ஓட வைப்பதில் உலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வேக ஓட்டம் எப்படித் தாக்குப்பிடிக்கும் திறனைக் கூட்டும் என்று நண்பர் கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

லாக்டிக் அமிலத்துக்கு வருகிறேன். இந்தத் தவறான நம்பிக்கை உடற்பயிற்சிக் கூடம்தோறும் உட்கார்ந்திருக்கிறது, எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. கிளைகோஜன் வேகமாக உடையும்போது லாக்டேட் உண்டாகிறது. சும்மா இருக்கும்போது ஒரு லிட்டர் ரத்தத்தில் 1 மில்லிமோல் அளவில் இருப்பது, இப்படிச் சில சுற்று ஓடியதும் 15ஐத் தாண்டலாம். ஆனால் ஒரு மணி நேரம் போல் ஆனால் பழைய நிலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். உங்களுக்கு வலி எப்போது உச்சத்தில் இருந்தது? ஓடிய மறுநாளும் அதற்கடுத்த நாளும். லாக்டேட் போய் ஒரு நாளுக்கு மேல் ஆன பிறகு வந்த வலிக்கு அது எப்படிப் பொறுப்பாகும்?

இந்தத் தாமத வலியை 1902லேயே அமெரிக்காவில் தியோடர் ஹஃப் என்பவர் விவரித்து, தசைக்குள் ஏற்படும் சிறு கிழிசல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதினார். இன்றைய விளக்கமும் அதன் அருகில்தான் இருக்கிறது. தசை சுருங்கிக்கொண்டே நீளும்போது, அதாவது பிரேக் போடும்போது, உள் இழைகளின் அடுக்கு ஆங்காங்கே குலைகிறது. பிறகு அழற்சி, வீக்கம், தொட்டால் வலி. வேக ஓட்டத்தில் ஒவ்வொரு அடியிலும், அதிலும் ஓடி முடித்து வேகத்தைக் குறைக்கும்போது, முன்தொடை பிரேக் போடுகிறது. மாடிப்படி ஏறும்போது அவ்வளவு வலிக்காமல் இறங்கும்போது உயிர் போனதும் இதனால்தான். இறங்குவதும் பிரேக் வேலைதானே. சைக்கிளில் இதே 30 விநாடியைச் செய்திருந்தால் இந்த வலியில் பாதிகூட வந்திருக்காது, ஏனென்றால் பெடல் மிதிப்பில் பிரேக் வேலை மிகக் குறைவு.

அப்புறம் அந்த வலி ஏன் திரும்ப வரவில்லை? ஒருமுறை இப்படிக் குலைந்து சரியான தசை, அதே வேலைக்குப் பல வாரம் வரை பாதுகாப்போடு இருக்கும். எனவே இப்போது வலிக்கவில்லை என்பதற்குப் பயிற்சி வேலை செய்யவில்லை என்று பொருள் இல்லை. வலியை வைத்துப் பயிற்சியை அளக்காதீர்கள்.

லாக்டேட்டுக்கு இன்னும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அது கழிவு இல்லை, நல்ல எரிபொருள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் புரூக்ஸ் 1980களிலிருந்து இதைச் சொல்லி வருகிறார். ஓர் இழை வெளியே தள்ளும் லாக்டேட்டைப் பக்கத்து இழை வாங்கி எரிக்கிறது, இதயம் எரிக்கிறது, கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக மாற்றித் தருகிறது. ஓடும்போதே கால் தளர்வதற்கு, கூடவே சேரும் ஹைட்ரஜன் அயனிகள், கிரியேட்டின் பாஸ்பேட் உடைந்து வந்த பாஸ்பேட், இழைக்கு வெளியே கசியும் பொட்டாசியம் எல்லாம் சேர்ந்துதான் காரணம்.

இனி, தட்டுப்பாடு எப்படித் திருத்த வேலையாக மாறுகிறது என்பது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

தசைக்குள் நடப்பதை மனிதரில் நேராகப் பார்க்க முடிந்ததற்கு ஓர் ஊசிதான் காரணம். 1962இல் ஸ்வீடன் மருத்துவர் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் தொடையிலிருந்து தசைத் துணுக்கு எடுக்க அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். பென்சிலைவிடக் கொஞ்சம் மெலிந்த, உள்ளே குழலான ஊசி. ஒருமுறை ஓர் ஆய்வுக்காக என் தொடையிலும் எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, தோலில் சிறு கீறல். உள்ளே போகும்போது கூர்மையான வலி இல்லை, யாரோ கட்டைவிரலால் தொடைக்குள்ளிருந்தே அழுத்துவது போல ஒரு கனம். வெளியே வந்தது நாலைந்து அரிசி எடையுள்ள சிவப்புத் துணுக்கு. திரவ நைட்ரஜனில் போட்டதும் சுர்ரென்று சத்தம் வந்து உறைந்துபோனது. அந்த நாலு அரிசியில் கிளைகோஜன் எவ்வளவு, நொதிகள் எவ்வளவு, எந்த வகை இழை எத்தனை என்று எல்லாவற்றையும் எண்ணிவிடலாம்.

பெர்க்ஸ்ட்ரோமும் அவருடைய சகா எரிக் ஹுல்ட்மனும் 1966இல் ஓர் அருமையான சோதனை செய்தார்கள். ஒரே சைக்கிளின் இரு பக்கமும் இருவரும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும், ஓயும்வரை மிதித்தார்கள். இன்னொரு கால் சும்மா இருந்தது. பிறகு 3 நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. துணுக்கு எடுத்துப் பார்த்தால், உழைத்த காலில் கிளைகோஜன் ஓய்ந்திருந்த காலைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஒரே மனிதர், ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு. ஆனால் எந்தக் கால் காலியானதோ அந்தக் கால்தான் கூடுதலாக நிரப்பிக்கொண்டது. தட்டுப்பாட்டின் சேதி அந்தந்தத் தசைக்குள்ளேயே எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டு, 1967இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜான் ஹொலோசி என்ற ஆய்வாளர் எலிகளை நாள்தோறும் நெடுநேரம் ஓடவிட்டு, அவற்றின் தசையில் ஆக்சிஜனை எரிக்கும் திறன் இரட்டிப்பானதைக் காட்டினார். உலைகளே பெருகியிருந்தன. அதிலிருந்து பல ஆண்டு, உலை பெருக வேண்டுமென்றால் நெடுநேரம் ஓட வேண்டும் என்ற எண்ணம் ஊறிப்போனது. உங்கள் நண்பர் சொல்வது அந்தக் காலத்துப் பாடம். தப்பில்லை, பாதிதான்.

மறுபாதி 2005இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா குழுவிடமிருந்து வந்தது. 8 பேர் 2 வாரத்தில் 6 நாள் மட்டும், நான் மேலே சொன்ன அந்த 30 விநாடி மிதிப்பை 4 முதல் 7 சுற்று செய்தார்கள். சுற்றுக்கிடையே 4 நிமிடம் ஓய்வு, ஏறக்குறைய உங்கள் பயிற்சிதான். அதற்கு முன் ஒரு குறிப்பிட்ட கடின வேகத்தில் சராசரியாக 26 நிமிடம் தாங்கியவர்கள், பிறகு அதே வேகத்தில் 51 நிமிடம் தாங்கினார்கள். தசைத் துணுக்கில், உலைகளின் அளவைச் சுட்டும் சிட்ரேட் சிந்தேஸ் நொதி 38 சதவீதம் கூடியிருந்தது. 2008இல் அதே குழு 6 வாரம் ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரு சாரார் வாரத்துக்கு நாலரை மணி நேரம் நிதானமாக மிதித்தார்கள். மற்றவர்கள் அந்த 30 விநாடி மிதிப்பை, ஓய்வு நேரத்தையும் சேர்த்து வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். இரு சாராரின் தசை உலைகளும் ஒரே மாதிரி வளர்ந்திருந்தன.

தபாட்டா என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஜப்பான் வேகச் சறுக்கு அணியின் பயிற்சியாளர் இரிசாவா கோயிச்சி கையாண்ட முறையை இஸுமி தபாட்டா ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். 20 விநாடி வேலை, 10 விநாடி ஓய்வு, 7 அல்லது 8 சுற்று. ஆனால் அந்த 20 விநாடியின் கடுமை, உடல் ஆக்சிஜனைக் கொண்டு தாங்கக்கூடிய உச்சத்தைப் போல 170 சதவீதம். 8ஆவது சுற்றோடு ஆள் ஓய்ந்துவிட வேண்டும். கைகால் ஆட்டும் 4 நிமிட வீடியோக்களுக்கு இந்தப் பெயர் வைப்பதை நான் ஏற்பதில்லை. நேரப் பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு, தட்டுப்பாட்டை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும்?

செல்லுக்குள் இந்தச் சேதி எப்படிப் போகிறது என்றால், ஏ.டி.பி. வேகமாகச் செலவாகும்போது அதன் உடைந்த மிச்சம் குவிகிறது. அதை உணரும் ஒரு நொதி இருக்கிறது, பெயர் ஏ.எம்.பி.கே. கிளைகோஜன் குறைந்தாலும் அது முடுக்கிவிடப்படும். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் இழைக்குள் பாயும் கால்சியம் இன்னொரு சேதி. இவையெல்லாம் போய்ச் சேரும் இடம் பி.ஜி.சி-1 ஆல்ஃபா என்ற புரதம், 1998இல் அறியப்பட்டது. அது செல் உட்கருவில் இருக்கும் மரபணுக்களைத் தட்டி எழுப்பி, உலை கட்டும் வேலையை ஆரம்பித்து வைக்கிறது. கவனியுங்கள், நீங்கள் ஓடும்போது எதுவும் கட்டப்படுவதில்லை. ஓடி முடித்துக் குளித்துச் சாப்பிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்த பிறகுதான் மரபணு நகல்கள் உச்சத்துக்குப் போகின்றன. அவற்றிலிருந்து வரும் புரதம் நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. அடுத்த ஓட்டம் அதன்மேல் இன்னொரு வரிசை செங்கல் வைக்கிறது.

இழைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நிதானமாக ஓடும்போது மூளை சிறிய, மெதுவான, களைக்காத இழைகளை மட்டும் அழைக்கும். விசை கூடக் கூடத்தான் பெரிய, வேக இழைகளை ஒவ்வொன்றாக அழைக்கும். அமெரிக்க நரம்பு உடலியங்கியல் ஆய்வாளர் எல்வுட் ஹென்னமன் கண்ட விதி இது. ஒரு மணி நேர மெதுவோட்டம் முழுக்கப் பெரிதும் சும்மா இருக்கும் இழைகள், உங்கள் 30 விநாடியில் மொத்தமாக எழுந்து வேலைக்கு வருகின்றன. வேக இழைகளிலும் சீக்கிரம் களைத்துப்போகும் ஒரு வகை உண்டு. பயிற்சியில் அது, வேகத்தோடு தாக்குப்பிடிப்பும் உள்ள இடைப்பட்ட வகையாக மாறுகிறது.

5 வாரத்தில் உங்களுக்கு என்னென்ன நடந்திருக்கும்? முதல் சில நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடியிருக்கும். இதயம் ஒரு துடிப்புக்குக் கூடுதல் ரத்தம் தள்ளும். முதல் வாரத்திலேயே உலைப் புரதங்களும், குளுக்கோஸை இழைக்குள் கொண்டுவரும் குளூட்-4 என்ற வாசல் புரதமும் ஏறத் தொடங்கியிருக்கும். லாக்டேட்டை வெளியே அனுப்பும் வாயில்களும், கசிந்த பொட்டாசியத்தைத் திரும்ப உள்ளே இழுக்கும் பம்புகளும் கூடியிருக்கும். தொடைக்குள் தீ கொஞ்சம் தாமதமாகப் பற்றுவது இவற்றால்தான். இழைகளைச் சுற்றி மயிரிழை போன்ற நுண்குழாய்கள் புதிதாக முளைப்பதற்குத்தான் கூடுதல் வாரங்கள் வேண்டும். அந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கும்.

தொடை ஏன் பெருக்கவில்லை? தசை பருமனாவதற்கு முக்கியத் தூண்டுதல், பெரிய சுமையை இழுக்கும் இறுக்கம். உங்கள் கணக்கில் வாரத்துக்கு 9 நிமிடம்தான் ஓட்டம், அதுவும் சொந்த எடையோடு. இழை தடிப்பதற்கு அது போதாது. தடிக்க வேண்டுமென்றால் வாரம் 2 நாள் எடை வைத்து உட்கார்ந்து எழுவதைச் சேர்த்துக்கொண்டு, சாப்பாட்டில் முட்டை, பருப்பு, மீன், தயிரைக் கூட்டுங்கள்.

அடுத்து, தினமும் ஓடலாமா என்ற கேள்வி. வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன், காரணமும் சொல்கிறேன். 2015இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு, 30 விநாடி முழுவேக மிதிப்பு 6 சுற்று, இடையே 4 நிமிடம் என்று உங்கள் பயிற்சியையே அச்செடுத்தது போல இருந்தது. 24 மணி நேரம் கழித்துத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, சாதாரணமாக உடற்பயிற்சி செய்கிறவர்களின் தசையில் கால்சியத்துக்கு வழியைத் திறந்து மூடும் வாய்க்கால் புரதம் உடைந்து கிடந்தது. மொத்தமே 3 நிமிட வேலைக்குப் பிறகு ஒரு நாள் கழித்து இந்த நிலை. அதிலிருந்து கசியும் கால்சியமே உலை கட்டும் சேதிகளில் ஒன்றாகவும் இருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள். சேதி வந்தாயிற்று, கட்டட வேலை நடக்கிறது. அந்த நேரத்தில் மறுபடி போய் இடித்தால் எப்படி?

2021இல் ஸ்டாக்ஹோமில் இன்னோர் ஆய்வு. வாரத்துக்கு வாரம் கடும் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். இடைவெளியோடு செய்யும் கடும் வேலை வாரத்துக்கு 152 நிமிடம் ஆனபோது, உலைகளின் வேலைத்திறன் முந்தைய வாரத்தைவிட 40 சதவீதம் விழுந்தது, குளுக்கோஸைக் கையாளும் திறனும் கெட்டது. நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கு நடந்தது இது. உங்கள் 9 நிமிடம் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் கூடக் கூட நல்லது என்ற நினைப்பு ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை மனதில் வையுங்கள்.

வைட்டமின் மாத்திரை போடுகிறவராக இருந்தால் ஒரு விஷயம். 2014இல் நார்வேயில், 11 வாரப் பயிற்சியோடு தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 235 மில்லிகிராம் வைட்டமின் ஈ-யும் எடுத்தவர்களுக்கு, மாத்திரை எடுக்காதவர்களுக்குப் பெருகியது போல உலைப் புரதம் பெருகவில்லை. உடற்பயிற்சியில் கிளம்பும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளும் ஒரு சேதிதான், அதை அணைத்துவிட்டால் சேதி போய்ச் சேராது. நான் சொல்வது மருந்துக்கடையில் வாங்கும் பெரிய அளவு மாத்திரையைப் பற்றி. நெல்லிக்காயும் கொய்யாவும் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

சர்க்கரை நோய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெற்காசியர்களான நமக்கு அது இளம் வயதிலும், பெரிதாக எடை போடாதபோதே கூடவும் வருகிறது. இன்சுலின் சொல்லி ரத்தத்திலிருந்து குளுக்கோஸை வாங்கிக்கொள்ளும் மிகப் பெரிய இடம் தசைதான். கிளைகோஜன் காலியான தசை அதை நிரப்ப ஆவலாக இருக்கும். ஓடிய பிறகு ஒரு நாள், ஒன்றரை நாள் வரை இன்சுலின் பேச்சை நன்றாகக் கேட்கும். வாரத்தின் 3 ஓட்டத்தையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று பிரித்து ஓடினால், வாரத்தின் பெரும்பகுதியை இந்த நல்ல நிலை நிரப்பிவிடும்.

6ஆவது வாரத்திலிருந்து என்ன செய்யலாம்? 3 நாளில் ஒரு நாளை மாற்றுங்கள். நார்வேக்காரர்களின் முறை ஒன்று உண்டு. 4 நிமிடம் கடுமையாக, ஆனால் முழுவேகமாக இல்லாமல், இதயத் துடிப்பின் உச்சத்தில் 90 முதல் 95 சதவீதம் வரும்படி ஓட்டம், பிறகு 3 நிமிடம் மெதுவாக, 4 சுற்று. 8 வாரத்தில் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் ஏறக்குறைய 10 சதவீதம் கூடியதை 2007இல் காட்டியிருக்கிறார்கள். இன்னொரு நாள் நண்பரோடு சேர்ந்து நிதானமாக 45 நிமிடம் ஓடுங்கள், அவருடைய பாதியும் உங்களுக்கு வேண்டும். 30 விநாடி ஓட்டத்துக்கு முன் 10 நிமிடமாவது உடம்பைச் சூடேற்றுங்கள். வேக ஓட்டத்தில் பின்தொடை பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் படுத்தும். கிட்டத்தில் ஏற்றமான சாலை இருந்தால் அதில் ஓடுவது இன்னும் நல்லது, மூச்சு அதே அளவு வாங்கும், பிரேக் வேலை குறையும். இதையெல்லாம் படித்துவிட்டு ஆரம்பிக்க நினைக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: ரத்த அழுத்தம், சர்க்கரை, நெஞ்சுவலி, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு என்று ஏதாவது இருந்தால், முழுவேகத்தில் இறங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு பையன், 3 மாதம் விளையாடாமல் இருந்துவிட்டு ஒரு பயிற்சி முகாமுக்குப் போனான். தாமதமாக வந்ததற்குத் தண்டனையாக நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழ வைத்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் எனக்குப் போன் செய்து, "சார், யூரின் கோலா கலரில் போகுது" என்றான். உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். தசை இழைகள் அளவுக்கு மீறிச் சிதைந்து, உள்ளிருக்கும் நிறமிப் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. சில நாள் டிரிப்ஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள், இப்போது நன்றாக விளையாடுகிறான். பழகாத உடம்பில் ஒரே நாளில் அளவு தெரியாமல் ஏற்றினால் இதுதான் நடக்கும். தொடை கல்லாக வீங்கி, சிறுநீர் அடர்பழுப்பாகப் போனால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

பொங்கலுக்கு 10 நாள் நிம்மதியாகப் போய்வாருங்கள். கிபாலா குழு 2007இல் இதையும் பார்த்திருக்கிறது. 6 வாரப் பயிற்சிக்குப் பிறகு 6 வாரம் அறவே நிறுத்திவிட்டுத் துணுக்கு எடுத்தார்கள். லாக்டேட் வாயில்கள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டன. ஆனால் உலைப் புரதமும் குளூட்-4 வாசலும் பயிற்சிக்கு முன் இருந்ததைவிட இன்னும் மேலேயே இருந்தன. 6 வாரத்துக்கே அப்படி என்றால் 10 நாளில் என்ன போய்விடப் போகிறது? ரத்தத்தின் நீர்ப்பகுதி கொஞ்சம் குறைந்து, திரும்பி வந்த முதல் நாள் மூச்சு சீக்கிரம் வாங்கும். ஊரில் வயல் வரப்பில் ஒருநாள் இரண்டு சுற்று ஓடினால் அதுவும் குறையும். திரும்பி வந்ததும் முதல் நாள் 4 சுற்றோடு நிறுத்திக்கொண்டு, ஒரு நாள் விட்டு அடுத்த முறை 6 சுற்றுக்குப் போங்கள்.